பருவுக்குப் போட்ட ஊசி

தோல் டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர்களுக்குத் தெரியும்: சொறி சிரங்குக்கு வந்தவர் மருந்தோடு போய்விடுவார், முகத்தில் ஊசி போட்டுக்கொண்டவர் நாளுக்கு நான்கு தரம் கண்ணாடி பார்த்துவிட்டு நம்மிடமே திரும்பி வருவார்.

பரவைப் பெண்

எண்பதுகளின் தொடக்கம். தல்லாகுளத்தில் நான் இருந்த கிளினிக்கில், பெரிய பருவென்றால் அதற்குள்ளேயே ஊசி போட்டு அமுக்கிவிடுவார் டாக்டரம்மா. பரவையிலிருந்து செல்வி வந்தாள். இடது கன்னத்தில் ஒரே ஒரு பரு, கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம். ஊசி போட்டதும் பரு அடங்கியது. மூன்றாவது வாரம் அதே இடம் சிவந்து, கல்லுமாதிரி இறுகி, சீழ் கட்டிவிட்டது. அவள் அம்மா டாக்டரம்மாவை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பருவே எம்புட்டோ தேவல தம்பி. இத வச்சுக்கிட்டு எம்புள்ள மணவறையில எப்படி உக்காரும்?"

வக்கீல் குமாஸ்தா

மறுவாரம் ஒரு வக்கீல் குமாஸ்தா வந்தார். தாடைத் தழும்பு அமுங்க ஊசி போட்டவர். அவருக்கும் அதே கட்டி. நான் முந்திக்கொண்டு, "கருவாடு சாப்பிட்டீங்களா? கத்தரிக்காய்?" என்று அதட்டினேன். பழியைச் சாப்பாட்டின் மேல் போடுவது எங்கள் தொழில் வழக்கம். மனிதர் கோர்ட்டில் பழகியவர்.

"கருவாடு தின்னா வயித்துலதான சார் கோளாறு வரணும்? நீங்க குத்துன எடத்துல எப்படிக் கரெக்டா வரும்?"

செய்து காட்டியது

இதைக் கேட்ட டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு, ஊசியைச் சுத்தம் செய்வதை அப்படியே செய்து காட்டச் சொன்னார். கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் ஸ்டவ்வில் இருபது நிமிடம் கொதிக்க வைத்தேன். நெஞ்சை நிமிர்த்தித்தான் நின்றேன். வெளியே கூட்டம் காத்திருக்கும்போது சூட்டோடு கையில் பிடிக்க முடியாதல்லவா? வழக்கம்போல் மூலையிலிருந்த மண்பானையில் ஒரு டம்ளர் மொண்டு மேலே ஊற்றினேன். அவர் பானைக்குள் கைவிட்டு அடியைத் தடவினார். விரலில் பச்சையாகப் பாசி ஒட்டியிருந்தது.

"அஞ்சு வருஷமா இதுலயா ஆத்துறீங்க, பாண்டி?"

கட்டு மாற்றும்போது

செல்வியின் கன்னத்தைக் கீறிச் சீழ் எடுத்தோம். புண் ஆறுவேனா என்றது. தினமும் கட்டு மாற்றியது நான்தான். கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அதற்கு மேல் தாங்காமல், ஊசியைப் பானைத் தண்ணீரில் ஆற்றிய தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். காறித் துப்பியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கண்ணாடியை வாங்கி இரண்டு கன்னத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"போட்டோக்காரருகிட்ட வலது பக்கம் மட்டும் எடுக்கச் சொல்லிட்டேண்ணே. அடுத்து வாரவளுக்காச்சும் ஆறவிட்டுக் குத்துங்க."

ஊசியைக் கொதிக்க வைக்க ஒரே நாளில் கற்றுக்கொண்ட எனக்கு, அது தானாக ஆறும்வரை சும்மா நிற்கக் கற்றுக்கொள்ள ஐந்து வருஷமும் ஒரு பெண்ணின் கன்னமும் தேவைப்பட்டன.