சைக்கிள் இல்லாத சைக்கிள் கடை

ஒரு கடை ஓடுமா ஓடாதா என்று சொல்வதுதான் என் பிழைப்பு. மலேசியாவில், ஈப்போ நகரத்து வங்கி ஒன்றில், சிறுதொழில் கடன் பிரிவில் வெகுகாலமாக இருக்கிறேன். முடிவெட்டும் கடை, டயர் கடை, பூக்கடை, சாப்பாட்டுக் கடை என்று எத்தனையோ பேர் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரிடமும் முதலில் ஒன்றைத்தான் கேட்பேன். "உங்க கடைக்கு யார் வருவாங்க? பக்கத்துல இருக்கிற கடைய விட்டுட்டு உங்ககிட்ட ஏன் வரணும்?" அதற்கு மென்று விழுங்காமல் பதில் சொன்னவர்கள் குறைவு.

இந்தக் கேள்வியை என் மகளிடம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கேட்க வேண்டி வரும் என்று நான் நினைத்ததில்லை.

அவள் ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பொறியியலாளராக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும் முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு நண்பர்களோடு கோலா கங்சார் பக்கம் போய் வருவது பழக்கம். அப்படிப் போன ஒரு ஞாயிறு, தோட்டத்து ரோட்டில் படுத்திருந்த மாட்டின் மேல் மோதி விழுந்தாள். ரப்பர் பால் தரும் கித்தா மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுப் பல காலமாகிவிட்ட தோட்டம் அது. ஆட்கள் எல்லாரும் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். மாடு வளர்க்கிற ஓரிரண்டு குடும்பம்தான் இன்னும் இருக்கிறது. தோள்பட்டை எலும்பும் மணிக்கட்டும் முறிந்தன. மருத்துவமனையில் அவளைப் பார்ப்பதற்கு முன் அவளுடைய ஹெல்மெட்டைத்தான் பார்த்தேன். தாதி அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். நடுவில் பிளந்திருந்தது. "இது இல்லேன்னா தலை" என்று ஆரம்பித்த மருத்துவர் என் முகத்தைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டார்.

அன்று காலை வந்த தொலைபேசி ஓசை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. மணியோசையை மாற்றிப் பார்த்தேன். ஒரு வாரத்தில் புது ஓசையும் பழையதைப் போலவே ஆகிவிட்டது.

கட்டுப் பிரித்ததும் அவள் கேட்ட முதல் பொருள் புது ஹெல்மெட். நானே காரில் அழைத்துக்கொண்டு போனேன். கிடைக்காமல் போகட்டும் என்ற எண்ணமும் கூடவே வந்தது. ஈப்போவில் நாங்கள் ஏறி இறங்கிய சைக்கிள் கடைகளிலெல்லாம் ஹெல்மெட்டுகள் தூசி படிந்து கண்ணாடி அலமாரிக்குள் கிடந்தன. எல்லாம் பெரிய அளவு. சின்ன அளவு வேண்டுமென்றால் ஆன்லைனில் பார்க்கச் சொன்னார்கள்.

"தலைய எப்படிலா ஆன்லைன்ல போட்டுப் பாக்கறது?" என்று திரும்பும் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தாள்.

அந்தப் புலம்பல்தான் சில வாரங்களில் திட்டமாகி மேசைக்கு வந்தது.

"அம்மா, நான் வேலைய விடப் போறேன். சைக்கிள் சாமான் கடை வைக்கப் போறேன்."

"சைக்கிள் கடையா?"

"சைக்கிள் இல்ல. சாமான் மட்டும். ஹெல்மெட், லைட், கையுறை, டியூப், மணி, கண்ணாடி, பை. எல்லாத்தையும் போட்டுப் பாத்து, தொட்டுப் பாத்து வாங்கற மாதிரி."

"சைக்கிள் கடைக்காரன் அதையெல்லாம் விக்கலையா?"

"விக்கறான், ஆனா அதுல அக்கறை காட்டறதில்ல. அவனுக்குச் சைக்கிள் வித்தா போதும். பேக்கரி சாமான் கடைக்கெல்லாம் கடன் குடுத்திருக்கீங்கதானே? அவங்க கேக்கா விக்கறாங்க?"

"கேக் வாரத்துக்கு வாரம் செய்வாங்க. ஹெல்மெட்ட வாரத்துக்கு வாரம் வாங்குவாங்களா?"

"ஹெல்மெட் வாங்க மாட்டாங்க. டியூப் வாங்குவாங்க. லைட் வாங்குவாங்க. ஒரு சைக்கிள் வாங்கினவன் அதுக்குச் சாமான் வாங்கி ஓயவே மாட்டான், அம்மா. நானே ஓய்ஞ்சேனா?"

என் சின்னம்மா அன்று வீட்டில் இருந்தார். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, தோட்டத்துக் கிராணி, ரயில்வே குமாஸ்தா, பிறகு டாக்டர், வக்கீல் என்று படிப்படியாக ஏறிய குடும்பம் என்பதில் அவருக்குப் பெருமை அதிகம். "எங்கட ஆக்களில ஆர் பிள்ளை கடை வச்சது?" என்றார். "படிச்ச பிள்ளை டியூப் விக்கிறதோ?"

"டியூபும் விப்பேன், டயரும் விப்பேன் பாட்டி. உங்களுக்கு ஒரு மணி இலவசம்."

சின்னம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாடகை, சரக்கு, ஆன்லைன் போட்டி என்று வரிசையாக அடுக்கினேன். எல்லாம் சரியான காரணங்கள்தான், வேறு யாராக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் அன்று என் மனத்தில் இருந்தது கடை அல்ல. இந்தக் கடை வைத்தால் இவள் சாகும்வரை சைக்கிளை விடமாட்டாள் என்பதுதான். அதை வாய்விட்டுச் சொல்லத் துணிவில்லாமல் வாடகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஓராண்டுக்குள் திரும்பி வந்தால் வேலை உண்டு என்று தொழிற்சாலை மேலாளர் சொல்லியிருந்தார். அதனால் ஓராண்டு என்று பேசி முடித்தோம். அதற்குள் கடை காலூன்றாவிட்டால் பழையபடி வேலை.

ஜெலாப்பாங்கில் ஒரு மோட்டார் பட்டறைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில் இடம் பிடித்தாள். திறப்பு நாளில் தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, எல்லாம் முறைப்படி நடந்தது. வந்த உறவினர்கள் சுற்றிப் பார்த்துவிட்டு, "சைக்கிள் இன்னும் வந்து சேரலையா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்கள். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

முதல் சில மாதம் கடைக்குள் வந்தவர்கள் எல்லாரும் சைக்கிள்தான் கேட்டார்கள். 'இங்கு சைக்கிள் விற்கப்படாது' என்று மலாய், சீனம், தமிழ் மூன்று மொழியிலும் பலகை எழுதி வைத்தாள். அதன் பிறகு, ஏன் விற்பதில்லை என்று விசாரிப்பதற்காகவே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இரவுச் சாப்பாட்டின் போது இதையெல்லாம் நடித்துக் காட்டுவாள். நான் பெரும்பாலும் "பாத்தியா" என்று மட்டும் சொல்வேன். அதற்குள் தோளும் தேறிவிட்டது. மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஓட்டத்தை ஆரம்பித்துவிட்டாள். அவள் வீடு திரும்பும் வரை நான் வாசல் இரும்புக் கதவின் பூட்டைத் துடைப்பேன், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன், ஊற்றிய செடிக்கே மறுபடியும் ஊற்றுவேன்.

ஆண்டு முடியப் போகிற நேரத்தில் மேலாளர் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார். அன்று மாலை அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் உங்க மக இல்ல. கடன் கேட்டு வந்திருக்கேன். இந்தக் கடைய பத்தி என்ன எழுதுவீங்க?"

"கடைய நேர்ல பாக்காம ஒண்ணும் எழுத மாட்டேன்."

"ஒரு வருஷமா பாக்கலையே லா."

அது உண்மை. யார் கடையாக இருந்தாலும் நான் சொல்லாமல் கொள்ளாமல் போய், ஒரு மூலையில் நின்று, யார் வருகிறார்கள், எதைத் தொடுகிறார்கள், எதை வாங்காமல் போகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன். அந்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்க் கல்லாவுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன்.

வண்ண உடை போட்ட வாரக்கடைசிக்காரர்கள்தான் வருவார்கள் என்று ஓராண்டாக எண்ணியிருந்தேன். முதலில் வந்தவர் ஒரு நேப்பாளி காவலாளி. தொழிற்சாலையில் இரவு வேலை. பின்னால் மாட்டும் சிவப்பு லைட் வேண்டும் என்றார். மகள் அதை அவருடைய சைக்கிளில் மாட்டிக் கொடுத்து, கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டச் சொல்லி, பின்னாலிருந்து பார்த்து, இன்னும் சற்றுக் கீழே இறக்கி மாட்டினாள். பிறகு ஓய்வு பெற்ற ஆசிரியர் தம்பதி வந்தார்கள். மனைவி ஒவ்வொரு ஹெல்மெட்டாகப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தார். "நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் மாதிரி இருக்கே" என்றார் கணவர். "உங்க தலைக்குப் பொட்டலமே பெருசு" என்றார் மனைவி. சிரிப்போடு இரண்டு ஹெல்மெட் விற்றது.

அவர்களை யார் அனுப்பியது என்று கேட்டேன். ஈப்போவில் சைக்கிள் விற்கும் ஒரு சீனப் பெரியவரைச் சொன்னார்கள். அவர் மதியம் தானே வந்தார், ஒரு பெட்டி டியூப் எடுத்துப் போக. போட்டிக் கடைக்கு ஏன் ஆள் அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன்.

"என்ன போட்டி?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். "சைக்கிள் விக்காத வரைக்கும் இவ எனக்கு மக மாதிரி. வித்துப் பாக்கட்டும், அப்புறம் தெரியும்."

சைக்கிள் இல்லாததுதான் இந்தக் கடையின் குறை என்று நான் நினைத்திருந்தேன். அந்த வட்டாரத்துச் சைக்கிள் கடைக்காரர்கள் அஞ்சாமல் ஆள் அனுப்புவதற்குக் காரணமே அதுதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

மழை விட்ட பிறகு ஒருவர் வந்தார். முழங்கால் வரை சேறு. வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்.

"தங்கச்சி, மாட்டுக்கு ஏதாச்சும் இருக்கா?"

"அண்ணே, இது சைக்கிள் சாமான் கடை."

"சைக்கிளே இல்லாம சைக்கிள் கடை வைக்கலாம், மாட்டுக்கு மட்டும் இல்லேன்னா எப்படிலா?"

இருட்டில் வெளிச்சம் பட்டால் மினுங்குமே, அந்தப் பட்டை வேண்டுமாம். போன மாதம் லோரி அடித்து ஒரு பசு போய்விட்டதாம். பொங்கல் வருகிறது, இந்த வருஷம் மாலைக்குப் பதிலாகக் கழுத்துக்கு ஒரு மினுங்குப் பட்டை கட்டலாம் என்றிருக்கிறாராம்.

என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. "மாட்டை ஏன் அண்ணே ரோட்டுல விடுறீங்க?" என் குரல் உயர்ந்துவிட்டது.

"நா விடலக்கா. வெயில் வாங்கின தார் ரோடு விடிய விடிய சூடா இருக்கும். குளிருக்கு அதுங்களே வந்து படுத்துக்குது."

"என் பொண்ணு அப்படி ஒரு மாட்டு மேல மோதித்தான் எலும்ப ஒடிச்சுக்கிட்டா."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "எந்த மாடு, தங்கச்சி? கறுப்பா?"

"இருட்டுல என்னத்த நிறம் பாக்கறது அண்ணே. அது எழுந்து போயிருச்சு. நான்தான் எழுந்திரிக்கல."

அவர் சிரிக்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டே, ஓட்டுபவர்கள் தோளில் குறுக்காகப் போடும் பட்டைகளை எடுத்து வந்தாள். ஒன்று போதாது, இரண்டை இணைத்தால்தான் பசுவின் கழுத்துக்குப் பத்தும் என்று கயிற்றால் அளந்து பார்த்தார்கள். மாடு எங்காவது மாட்டிக்கொண்டால் தானே கழன்றுவிடும் கொக்கியாகப் பார்த்துப் போட்டாள். அளக்கும் போது தன் கழுத்தையே காட்டிக் குனிந்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். கண் கலங்கியிருந்தது. ஆனால் அது பயத்தால் மட்டும் அல்ல. அந்தச் சாலையில் இனி கொஞ்சம் வெளிச்சம் இருக்கும் என்று தோன்றியது. அதை என் மகளின் கடையிலிருந்துதான் ஒருவர் வாங்கிப் போகிறார்.

கடையைச் சாத்தும் நேரத்தில், "எழுதுங்க" என்றாள்.

"கட்டாயம் ஓடும்னு எழுத மாட்டேன். மூடச் சொல்லியும் எழுத மாட்டேன்," என்றேன். "ஆனா ஒண்ணு. ஞாயித்துக்கிழமை காலையில இந்தப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையிலதானே ஓட்டறவங்க எல்லாம் கூடறாங்க? அந்த நேரத்துல உன் கடை பூட்டிக் கிடக்குது."

"நானும் அவங்களோடதானே போறேன்."

"வாரத்துல நல்ல நேரம் அது. அப்ப மூடி வைக்கிற கடைக்கு யாரும் கடன் குடுக்க மாட்டாங்க."

ஹெல்மெட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். பிறகு, "சரிம்மா. ஞாயித்துக்கிழமை ஓட்டறத விட்டுடறேன். கடையத் திறக்கறேன்," என்றாள்.

ஓராண்டாக நான் எல்லாக் கோயிலிலும் வேண்டிக்கொண்டது அதுதான். இதோ, நான் கெஞ்சாமல், சண்டை போடாமல், தொழில் காரணமாகவே என் கைக்கு வந்துவிட்டது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் காலையிலிருந்து அந்தக் கடையில் நான் பார்த்தது வேறு. எந்த லைட் மழைக்குத் தாங்கும், எந்தக் கையுறை வழுக்கும் என்று அவள் சொன்னதை அவர்கள் நம்பியது, அவள் அதையெல்லாம் போட்டுக்கொண்டு அந்தச் சாலைகளில் ஓட்டுகிறவள் என்பதால்தான். ஓட்டுவதை விட்டால் அவளும் பெட்டியைப் பிரித்து விற்கும் இன்னொரு கடைக்காரி. அதோடு, சரி என்று சொன்ன போது அவள் முகம் வாடிய அளவுக்கு மருத்துவமனையில் கூட வாடியதில்லை.

"நீ ஓட்டப் போ," என்றேன். "ஞாயித்துக்கிழமை நான் வந்து திறக்கிறேன்."

"உங்களுக்கு என்னம்மா தெரியும் டியூப் பத்தி?"

"இருபது வருஷமா எனக்குத் தெரியாத கடைங்களப் பத்தித்தானே எழுதிக்கிட்டிருக்கேன்."

வெள்ளிக்கிழமை மேலாளருக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டாள். ஞாயிறு நான் கதவைத் தூக்கிய போது இன்னும் வெளுக்கவில்லை. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையின் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஓட்டுகிறவர்கள் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் லைட்டுக்குப் பேட்டரி வாங்கினார். இன்னொருவர் தண்ணீர் பாட்டில். மகள் என் கன்னத்தைத் தட்டிவிட்டு, "வாரேன்மா," என்று ஏறி உட்கார்ந்தாள். எல்லாருமாகக் கிளம்பினார்கள். வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் வெளியே வந்தேன். அதற்குள் பின்தங்கிப்போன ஒருவர் சக்கரத்தைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தார்.

"அக்கா, பஞ்சர். டியூப் இருக்கா? சீக்கிரம், விட்டுட்டுப் போயிடுவாங்க."

"என்ன அளவு?"

அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. சக்கரத்தை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி டயரின் ஓரத்தில் அச்சடித்திருந்த எண்ணைத் தேடினேன். கண்டுபிடித்து, அலமாரியில் அதே எண் போட்ட பெட்டியை எடுத்துக் கொடுத்து, அவர் மாட்டி முடிக்கும் வரை விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் போன பிறகுதான் பார்த்தேன், சாலையில் நன்றாக விடிந்துவிட்டிருந்தது.