சேற்றில் தவழ்ந்து பார்த்த பூநாரைகள்

மூன்று வயதில் போலியோ வந்து என் வலது கால் சூம்பிவிட்டது. தொடைவரை இரும்புச் சட்டம், கையில் ஊன்றுகோல். குளத்தூரில் அரசு அலுவலகமொன்றில் இருபது வருடமாக எழுத்தர் வேலை. வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்தபடியே பறவைகளைப் பார்க்கப் பழகியவள் நான். பூநாரையை மட்டும் படத்தில்தான் பார்த்திருந்தேன். கட்டுமாவடிக் கடற்கரைக்கு அவை வந்திருப்பதாகவும், புதுக்கோட்டையிலிருந்து பறவை பார்க்க வேன் போவதாகவும் தெரிந்ததும் உடனே பதிவு செய்துவிட்டேன்.

விடியற்காலையில் வேனில் ஏறும்போதே வழிகாட்டி என் காலைப் பார்த்துவிட்டார்.

"மேடம், அங்க பூராவும் சேறுங்க. நீங்க வேன்லயே இருங்க. நான் போட்டோ எடுத்தாந்து காட்டுறேன்."

"போட்டோ என் போன்லயே நெறையக் கெடக்குங்க. நான் பறவையப் பாக்கத்தான் வாரேன்."

அவர் நகர்ந்து நான் ஏற வழிவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. சாம்பல் நிறச் சேற்றுக்கு அப்பால், தண்ணீர் விளிம்பில், வெளிர் சிவப்பாக ஒரு கூட்டம் நின்றது. கூட வந்த எட்டுப் பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு வழிகாட்டியின் பின்னால் நடந்தார்கள். நான் பத்தடி போயிருப்பேன். ஊன்றுகோல் ஒரு சாண் ஆழத்துக்கு இறங்கியது. இழுத்தேன், வரவில்லை. பக்கவாட்டில் சரிந்து விழுந்தேன்.

வழிகாட்டி ஓடி வந்தார். "நாங்க ரெண்டு பேரு தூக்கிட்டுப் போயிருறோங்க."

"வேணாங்க."

சின்ன வயதிலிருந்து என்னைப் பலர் தூக்கியிருக்கிறார்கள், பஸ்ஸுக்குள், பரீட்சை ஹாலுக்குள். இந்த இடத்துக்கு நானாகவே போக வேண்டும் என்று இருந்தது.

கரையோரம் வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த இரும்பக் கழட்டிப் போடுத்தா. சேத்துல கம்பு நிக்காது" என்றார்.

வீட்டுக்குள் நான் கையூன்றித் தவழ்வதுதான் வழக்கம். வெளியாள் கண்ணில் அதுவரை பட்டதில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிடுவேன். வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். சட்டத்தையும் கோலையும் அந்த அம்மாவிடம் கொடுத்தேன். கழுத்தில் தொங்கிய பைனாகுலரை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு கிளம்பினேன்.

உள்ளங்கை, இடது முழங்கால், இழுபடும் வலது கால். சிப்பி ஓடு கையைக் கிழித்தது. உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது. நிற்கவில்லை.

வழிகாட்டி மறுபடி முன்னே போய் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டார். அவர்களைக் கண்டு பறவைகள் தலை தூக்கின. பாதிக் கூட்டம் எழுந்து பறந்தது. வழிகாட்டி கையை விரித்து எல்லோரையும் நிறுத்தினார். அதற்குள் நானும் அவர்கள் அருகில் வந்துவிட்டேன். மிச்சமிருந்த பறவைகள் என்னைப் பார்த்தன. பிறகு மறுபடி அலகைத் தண்ணீருக்குள் விட்டன.

வழிகாட்டி என்னிடம் குனிந்து மெல்லச் சொன்னார்: "ஒசரமா ஆளு நின்னாத்தான் மெரளுதுங்க. ஒங்களுக்குப் பயப்படல. நீங்க போங்க மேடம், நாங்க இங்கிட்டே ஒக்காந்துக்கிறோம்."

நான் போனேன். ஒரு வாய்க்கால் அகலத் தண்ணீர்தான் எங்களுக்கு நடுவே இருந்தது. பைனாகுலர் தேவைப்படவில்லை. தலைகீழாகக் கவிழ்ந்த அலகு, சேற்றைக் கலக்கி ஒரே இடத்தில் மிதிக்கும் கால், ஓயாத ஒரு முனகல். ஒன்று சிறகை விரித்தபோது உள்ளே அப்படி ஒரு சிவப்பு! படுத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தேன். நீர் ஏறத் தொடங்கியதும்தான் திரும்பினேன்.

கரையில் அந்த அம்மா குடத்துத் தண்ணீரை என் கையில் ஊற்றினார். "கிட்டக்கப் பாத்தியா?"

"பாத்தேங்க."

புதுக்கோட்டை வரும்வரை வேனில் இருந்தவர்கள் நான் கிட்டத்தில் பார்த்ததைப் பற்றி என்னிடம் கேட்டபடியே வந்தார்கள். நானும் சலிக்காமல் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் அலுவலகத்தில் உள்ளங்கையில் இருந்த துணிக்கட்டைப் பார்த்து, பக்கத்து மேசைக்காரர், "எங்கயும் விழுந்துட்டீங்களா?" என்றார்.

"இல்லைங்க. பூநாரை பாக்கச் சேத்துல தவழ்ந்து போனேன்" என்றேன். பிறகு, அடுத்த மாதப் பறவைப் பயணத்துக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதத் தொடங்கினேன்.