இருபத்து மூன்றாம் துண்டு

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ர, ற இன்றும் தடுமாறும். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மனைவி சாயல்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தாள். ஒரு நாள் வெளிநாட்டுக்காரி ஒருத்தி வந்து, உப்பு வாரும் பெண்களின் பாட்டையும் பேச்சையும் டேப்பில் பதிந்துகொண்டு போனாளாம். அன்று சாயங்காலம் காலில் ஒட்டிய உப்பைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"வீட்டுக்காரர் பேரு என்னன்னு கேட்டா. மிசினுக்குள்ள சொல்லிட்டேன்."

எங்கள் பக்கம் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவள்தான் சொல்வாள். எனக்கும் ஒரு தடவை சொல்லேன் என்றேன்.

"ஒங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டா? வேற வேல இல்ல, போங்க."

சில வருஷத்தில் காய்ச்சலில் இறந்துபோனாள். சொல்லவே இல்லை.

பிறகு கீழக்கரையில் ஒரு பிரவுசிங் சென்டரில் சேர்ந்தேன். பெருக்குவேன், வந்தவர்கள் கம்ப்யூட்டரில் விட்டுப்போகும் பைல்களை அழிப்பேன். ஒரே பெயரில், புள்ளிக்குப் பின்னால் உள்ள வால் மட்டும் மாறி நின்றால் குப்பை என்று முதலாளி காட்டித்தந்திருந்தார். என்னைவிட இளையவர். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, ஒங்க ஊரு உப்பளப் பாட்டுன்னு ஒண்ணு கெடக்கு. எறக்கவா?"

நியூஸ்குரூப் என்று ஒன்று உண்டாம். ஊர்ப் பொதுப்பலகை மாதிரி, யாரும் எதையும் ஒட்டலாம். பெரிய பைலைத் துண்டு துண்டாக ஒட்டுவார்கள். சில வாரத்தில் உதிர்ந்துவிடும். அதை இறக்க, யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்த சின்ன புரோகிராம் ஒன்றை வைத்திருந்தார். படம் கிடையாது, பட்டன் கிடையாது. கறுப்புத் திரையில் எண்கள் ஓடும். எங்கள் பழைய கம்ப்யூட்டர் அதைத்தான் தாங்கும். கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்தில் இருந்து எடுக்கும். எண் எனக்கு வாசிக்கத் தெரியும். துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்து நின்றேன். அதில் என்ன இருக்கிறது என்று முதலாளியிடம் சொல்ல வெட்கம்.

முப்பத்தொரு துண்டில் முப்பது வந்தது; புரோகிராமே அவற்றை ஒரே பைலாகக் கோத்துவைத்தது. மறுநாள் துப்புரவு செய்தபோது, பாட்டின் பெயரிலேயே எட்டுப் பைல்கள் வால் மாறி நின்றன. வழக்கம்போல அழித்தேன்.

முதலாளி தலையில் கை வைத்தார். "அது ஒட்டுத்துணிண்ணே. வராத துண்ட அத வச்சுத்தான் தைக்கணும்."

மறுபடி இறக்கப் பார்த்தார். பலகையில் எல்லாம் உதிர்ந்துவிட்டிருந்தது. பரவாயில்லை, பாட்டு முழுசாகக் கேட்கிறதே என்றார். நானும் தலையாட்டினேன்.

பாட்டு முடிந்ததும், வெளிநாட்டுக்காரியோடு கூட வந்தவர் தமிழில் கேட்கிறார், வீட்டுக்காரர் பேர் என்ன என்று. என் மனைவியின் சிரிப்பு. பிறகு அரை நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு மற்றப் பெண்களின் சிரிப்பு.

இத்தனை வருஷமாக அந்த அரை நிமிஷத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன வாரம்தான் முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். விட்டுப்போன துண்டை எண் சொல்லிக் கேட்டால், வைத்திருப்பவர்கள் திரும்ப ஒட்டுவது அந்தப் பலகையில் வழக்கமாம்.

"எதுக்கு வேணும்னு நீங்களே எழுதுங்க. இங்கிலீஷ்ல மாத்தி நான் ஒட்டுறேன்."

எழுதிவிட்டேன். இருபத்து மூன்றாம் துண்டு மட்டும் போதும்.

மார்கழி முதல் நாள், 2009.