குழிக்கு மேலே நின்றவர்

“மரம் அறுக்கிறவன் பொண்ணு அஞ்சாவது தாண்டுமா?” என்று மரவாடி முதலாளி ஒருமுறை என்னிடமே கேட்டார். எஸ்.எஸ்.எல்.சி. தாண்டி, ஆசிரியப் பயிற்சியும் முடித்துவிட்டேன். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அதை அவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று பலமுறை நினைத்ததுண்டு.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரை ஓரமாக இருந்தது அந்த மரவாடி. பெரிய மரத்தைக் குழியின் மீது கிடத்தி, ஒருவர் மேலேயும் ஒருவர் குழிக்குள்ளேயும் நின்று ரம்பம் இழுப்பார்கள். கீழே அப்பா. மேலே, பச்சைமலையிலிருந்து பிழைக்க வந்த மாமா. உறவு எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் சாப்பிட்டு, மரவாடியிலேயே படுத்துக்கொள்வார். ஒருநாள் கட்டியிருந்த கயிறு அறுந்து, மரம் புரண்டு குழிக்குள் விழுந்தது. அப்பாவின் உடலை மேலே தூக்கிக்கொண்டு வந்தவர் மாமாதான்.

மூன்றாம் நாள் முதலாளி போலீஸ் ஏட்டுடன் எங்கள் குடிசை வாசலுக்கு வந்தார். மதுவிலக்குக் காலம். அப்பா சாராயம் குடித்துவிட்டுக் குழியில் இறங்கியதாக அவர் சொல்லியிருந்தார். மாமாவும் ‘ஆமாம்’ என்றால், கயிற்றைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். அப்பா குடிகாரராகச் செத்தவர் ஆகிவிடுவார்.

“பார்த்துச் சொல்லு. நாளைக்கும் நீ என்கிட்டதான் வேலைக்கு வரணும்” என்றார் முதலாளி.

மாமா ஏட்டைப் பார்த்தே பேசினார். “அவன் குடிக்க மாட்டானுங்க. கயிறு இத்துப்போயிருந்துச்சு. மாத்துங்கன்னு ரெண்டு பேருமே கேட்டோம்.”

“இத்த கயிறுன்னு தெரிஞ்சும் நீ ஏன்டா மேல ஏறின?” என்றார் முதலாளி.

“அவன் கீழ எறங்கிட்டானுங்க.”

ஏட்டு எழுதிக்கொண்டார். அவர்கள் போனபின் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் நடந்தார். தினமும் சாப்பிட்டுக் கிளம்பும்போது “போயிட்டு வரேன் பாப்பா” என்பவர். நான் பின்னாலேயே ஓடினேன்.

“மாமா, சொல்லிக்காம போறீங்களே.”

திரும்பவில்லை. அதன்பின் வரவும் இல்லை. எங்கள்மேல் ஏதோ கோபம் என்று நம்பி, பல வருஷம் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

சாவு வீட்டில் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லக்கூடாது என்பது எட்டு வயதில் எனக்குத் தெரியாது. அன்று முதல் திருச்சியில் எந்த மரவாடியிலும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதும் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும், நான் பத்தாவது படிக்கும்போதுதான் சொன்னாள்.

பச்சைமலைப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர்கள் போக மாட்டார்கள். பஸ் அடிவாரம் வரைதான். நான் அதையே கேட்டு வாங்கினேன். போன திங்கட்கிழமை டிரங்குப் பெட்டியோடு மலை ஏறி, வழியில் கண்ட முதல் ஆளிடமே, ஸ்ரீரங்கத்தில் மரம் அறுத்தவர் வீடு எது என்று விசாரித்தேன்.