அத்தையின் கல்

மாப்பிள்ளை வீட்டார் வரவிருந்த அந்த வாரம், எங்கள் தி.நகர் வீட்டில் செவ்வாய் என்ற சொல்லுக்கே தடை. அத்தைக்குச் செவ்வாய் தோஷம். அது தெரியாதபடி அப்பா ஜாதகத்தை எப்படியோ 'சரிசெய்து' கொடுத்திருந்தார். "வந்தவங்க முன்னாடி அந்த வார்த்தை வாயில வந்துச்சு, தோலை உரிச்சிடுவேன்" என்றாள் அம்மா. எனக்கு எட்டு வயது. அப்படியென்றால் செவ்வாய்க்கிழமையை எப்படிச் சொல்வது என்று கேட்டேன். குட்டு விழுந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தாள். மற்ற நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் கல் தேடுவாள். எங்கோ ஒரு தொலைநோக்கி எடுத்த நான்கு படங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பாள். நட்சத்திரங்கள் அசையாது, ஒரு புள்ளி மட்டும் நகரும். அப்படித்தான் அந்தச் சிறுகோள் அவளுக்குக் கிடைத்தது. மயிலாப்பூர் அளவு இருக்கலாமாம், அநேகமாகக் கரிக்கட்டை மாதிரி கறுப்பாம். சூரியனை ஒருமுறை சுற்ற நாலைந்து வருடம். பாதை உறுதியாகும்வரை அதற்குப் பெயர்கூடக் கிடையாது, அதுவரை புதுப் புதுப் படங்களில் அதை விடாமல் தேட வேண்டும் என்றாள். மாப்பிள்ளை வீட்டாரோ, கல்யாணமானால் இதையெல்லாம் மூட்டை கட்டிவிட வேண்டும் என்று முன்பே சொல்லியனுப்பியிருந்தார்கள்.

பெண் பார்க்கும் நாள் காலையில் எனக்குத் தலை பின்னிக்கொண்டே அத்தை கேட்டாள். "என் கல்லு எங்க சுத்துது, சொல்லு?"

"செவ்..." என்று ஆரம்பித்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

"யாராவது கேட்டா பயப்படாம சொல்லணும்டி."

அம்மா பேச்சைக் கேட்பதா, அத்தை பேச்சைக் கேட்பதா?

ஆதம்பாக்கத்திலிருந்து வந்தவர்கள் கேசரியை ரசித்துச் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "உங்க அத்தை எந்நேரமும் கம்ப்யூட்டர்ல என்னம்மா பண்றாங்க?" என்றார். கல் கிடைத்த கதையைச் சொன்னேன்.

"அடேங்கப்பா! எங்க இருக்கு அந்தக் கல்லு?"

அம்மாவைப் பார்த்தேன். அத்தையைப் பார்த்தேன்.

"வியாழனுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல. அது பேரைச் சொல்லக் கூடாது ஆன்ட்டி. அத்தைக்கு அது தோஷமாம். சொன்னா அம்மா தோலை உரிச்சிடுவாங்க."

கேசரித் தட்டுகள் கீழே இறங்கின. அப்பா என்னென்னவோ சமாதானம் சொன்னார். "ஜாதகத்துலயே பொய்யா?" என்று கேட்டுவிட்டு அவர்கள் கிளம்பிப் போனார்கள். அம்மா என் மேல் பாய்ந்தாள். அத்தை குறுக்கே வந்து நின்று, "புள்ள மேல கை வைக்காதீங்க அண்ணி" என்றாள்.

அன்று மாலை பாண்டி பஜாரில் எனக்குப் பானிபூரி வாங்கிக் கொடுத்தாள். அவள் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேனே என்று விக்கி விக்கி அழுதேன். அவள் கண்களும் கலங்கித்தான் இருந்தன. காரம் என்றாள். பிறகு என் காதருகே குனிந்து, "தேங்க்ஸ்டி" என்றாள்.

எதற்கு நன்றி என்று எனக்கு விளங்கவில்லை. இன்னொரு தட்டு கேட்டேன்.