என் தொந்தியும் ரத்தவிருத்தி லேகியமும்

லேகியக் கடையில் நிற்பவனுக்குத் தலைவலிகூட வரக்கூடாது. வந்தால் கடைக்குத்தான் கெட்ட பெயர். யுத்தத்துக்கு முந்தி, கம்பத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் நின்ற எனக்கு வந்ததோ தலைவலி இல்லை. நீங்களும் கடையில் நின்று காலம் தள்ளியவர்கள்தானே, உங்களிடம் சொன்னால்தான் புரியும்.

முதல் வாய்

எங்கள் பக்கம் லேகியத்தைச் சும்மா வாங்கமாட்டார்கள். விற்கிறவன் முதலில் ஒரு உருண்டை விழுங்கிக் காட்டவேண்டும். ரத்தவிருத்தி லேகியம் தின்று தின்றே என் நாக்கு கறுத்துப்போனது. அப்படித் தின்றும் உடம்பு ஓய்ந்து, இடது விலாவுக்குக் கீழே கல்லைக் கட்டியது மாதிரி கனத்தது. மதுரைக்குப் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் இங்கிலீஷில் என்னமோ பெயர் சொன்னார். ரத்தப் புற்றாம். வெள்ளை அணு பெருகி, மண்ணீரல் வீங்கியிருக்கிறதாம். ஆரம்பம்தான், மெதுவாகத்தான் போகும், பார்த்துக்கொண்டிருப்போம் என்றார். எத்தனை நாள் இருப்பேன் என்று கேட்கப் போய், "லேகியம் சாப்பிட்டாக் கேக்குமாங்க?" என்று கேட்டுத் தொலைத்தேன். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

"விக்கிறவனுக்கு வேணா நல்லது" என்றார்.

வாசலுக்கு மாற்றம்

போகப்போக வயிறு முன்னால் தள்ளியது. முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லும்போது அழுதேவிட்டேன். மனுஷன் என் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைத்தான் பார்த்தார். மறுநாளே உள்கட்டிலிருந்து என்னை வாசலுக்கு மாற்றினார். மேல்துண்டைப் போடக்கூடாதாம். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது.

"மொதலாளி, இது சீக்குங்க!" என்றேன் ஆத்திரத்தில்.

"அது ஒனக்கும் எனக்கும்தானப்பா தெரியும். வாறவுகளுக்கு அது தொந்தி."

கூடலூர்க்காரி

ஒருநாள் கூடலூரிலிருந்து ஒரு பெண் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளை வெளிறிக் கிடந்தது. ஈறில் ரத்தம் கசிகிறதாம். "இந்தக் கடை வாசல்ல நிக்கிறவரு இதத் தின்னுதான் இப்பிடி இருக்காருன்னு சொன்னாக. எங்க, ஒரு வாய் தின்னு காட்டுங்க" என்றாள்.

உருண்டையைக் கையில் எடுத்தேன். அந்தப் பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. பாவி மனசு கேட்கவில்லை, திரும்ப வைத்துவிட்டேன். "ஆத்தா, இது வேணாம். பிள்ளையை உடனே மதுரைக்குக் கூட்டிட்டுப் போ, ரத்தத்தைப் பாக்கச் சொல்லு. எனக்கு இருக்கறது தொந்தி இல்ல, நோவு. நான் தின்னாத லேகியமா?" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடிக் கும்பிட்டேன்.

"ஏண்ணே, எம்மக ஒங்களை மாதிரி ஆயிருவான்னு பொறாமையா ஒங்களுக்கு?"

இத்தனை வருஷம் என் வாய்க்குள் போனதையெல்லாம் நம்பிய ஊர், அதிலிருந்து வெளியே வந்த ஒரே உண்மையை மட்டும் நம்பவில்லை.