ஓதமும் ஒரு டார்ச் லைட்டும்

முதலில் கண்டுபிடித்தது என் சைக்கிள் சீட்டுதான். விழுப்புரம் ஜங்ஷனில் எனக்குக் குமாஸ்தா வேலை. ஒரு நாள் ஆபீசுக்குக் கிளம்பி ஏறி உட்கார்ந்ததும் வலது பக்கம் ஏதோ நசுங்கினது போல இருந்தது. வலி இல்லை, கனம். மறைவாகப் போய்த் தடவிப் பார்த்தேன். வலது விரை இடதைவிடப் பெரிதாக இருந்தது. சரி என்று மறுபடியும் ஏறிப் போய்விட்டேன். இன்டர்மீடியட் படித்தவனுக்கும் இந்த விஷயத்தில் மூளை அவ்வளவுதான் வேலை செய்யும்.

இதை அச்சில் போடலாமா என்று முகம் சுளிப்பவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம். நான் எழுதுவது, வேட்டிக்குள் ஒளித்துக்கொண்டு திரியும் ஆசாமிகளுக்கு. இந்த ஜில்லாவில் நாம் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை.

வீக்கம் மெதுவாக வளர்ந்தது. ஆரம்பத்தில் எலுமிச்சை, பிறகு மாங்காய். கால்சட்டை பிடிக்கவில்லை. வேட்டிக்கு மாறினேன். நான் கதர்க்கட்சியில் சேர்ந்துவிட்டதாக ஆபீசில் பேசிக்கொண்டார்கள். மறுக்கவில்லை. தேசபக்தன் என்று பெயர் எடுப்பது, ஓதக்காரன் என்று பெயர் எடுப்பதைவிட எவ்வளவோ மேல்.

ஏமாறாதவள் வேதவல்லி ஒருத்திதான். பிரம்மதேசத்தில் இருக்கும் என் தாய்மாமன் மகள். தை மாதம் எங்களுக்குக் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்குகிற சமயத்தில் அங்கே போயிருந்தேன். களத்தோரம் நின்றுகொண்டு கேட்டாள்.

"அத்தான், இன்னா வாத்து மாதிரி நடக்கறீங்க?"

"செருப்பு கடிக்குது."

"வெறுங்காலோட நின்னுக்கினு செருப்பு கடிக்குதுன்றீங்க?"

கிணற்றுப் பக்கம் நடந்தேன். வாத்து மாதிரிதான்.

அடுத்த வாரம் திண்டிவனத்தில் ஒரு வைத்தியரிடம் ஊசி போட்டு நீரை எடுத்துக்கொண்டேன். வைக்கோல் நிறத்தில் தெளிவான நீர். எழுந்து நடந்தபோது பறப்பது போல இருந்தது. சந்தோஷம் நிலைக்கவில்லை. நாலைந்து வாரத்தில் பழைய மாங்காய் அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. உங்களில் யாராவது நீர் எடுத்தால் போதும் என்று எண்ணினால், அது வாளியால் கிணறு இறைக்கிற வேலை. ஊற்று இருக்கிறவரை ஊறும்.

பிறகுதான் விழுப்புரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். மெட்ராஸில் படித்துவிட்டு வந்தவர், வெடுக்கென்று பேசுவார்.

"எவ்ளோ மாசமா இதை மறைச்சிக்கினு திரியறே?"

"ஒரு மழைக்காலம் போச்சுங்க."

"படிச்சவன்தானே? நல்ல லட்சணம்."

இது ஹைட்ரோசீல் (விரையைச் சுற்றியுள்ள உறையில் நீர் கட்டுவது, நம் ஊரில் ஓதம்) என்றார். என் விஷயத்தில் காரணம் கொசுவாம். யானைக்கால் கொண்டுவரும் அதே கிருமி.

நான் கேட்க நினைத்த கேள்வி ஒன்றே ஒன்று. அதைத் தவிர எல்லாவற்றையும் கேட்டேன். கடைசியில் அவரே சொன்னார்: "குழந்தை பொறக்குமான்னுதானே முழிக்கறே? பொறக்கும். தண்ணி கட்டினது பையில. விரை அதுபாட்டுக்கு உள்ள வேலை செய்யுது. உறையைத் திறந்து திருப்பித் தச்சிட்டா தண்ணி தங்காது."

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். துணைக்கு ஆள் வேண்டும் என்பதால் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அம்மாவுக்குத் தெரிந்தால் அவள் தம்பிக்குத் தெரிந்தது போல. ஆபரேஷனுக்கு முதல் நாள் காலை ரயிலில் இருவரும் சேர்ந்தே வந்து இறங்கினார்கள்.

மாமா உழவு மாடு வளர்ப்பவர். கிட்டி (விரையை நசுக்கும் மரக்கோல்) போட்டுக் காயடிப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். அந்த இடத்தில் கை வைத்தால் காளை என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரிந்த விஷயம். வார்டு என்றும் பார்க்காமல் ஆரம்பித்தார்.

"இன்னா மாப்ள, கிட்டி போட்டா இன்னா, கத்தி போட்டா இன்னா? ரெண்டும் ஒண்ணுதான். கிளம்பு ஊருக்கு."

"மாமா, இது வேற."

"இன்னா வேற? தண்ணி கோத்துக்கினா உள்ள விதை அழுகிப்பூடும். இப்ப மீதியையும் அறுக்கப் போறாங்க. எம் பொண்ணைக் குடுத்துட்டு நான் பேரப்புள்ளைக்கு எங்க போவேன்?"

"டேய், மெதுவாப் பேசுடா," என்றாள் அம்மா. பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்கள்.

மாமா மெதுவாகப் பேசியது அதைவிட மோசமாக இருந்தது. "நீ நாளைக்குக் கத்திக்குப் போனீன்னா, வேதவல்லியை வேற எடத்துல குடுத்துடுவேன். தப்பா நெனைச்சிக்காத."

அவர் மிரட்டவில்லை. பயந்திருந்தார். எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான். உறை, பை என்று டாக்டர் சொன்னதெல்லாம் வார்த்தை. நான் எதையும் கண்ணால் பார்க்கவில்லையே.

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். விஷயத்தைக் கேட்டவர் சிரிக்கவில்லை. "ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்று பரிசோதனை அறைக்கு அழைத்துப் போனார். அது யுத்த காலம். ஜங்ஷன் ஊர் என்பதால் எதிரி விமானத்துக்குப் பயந்து ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். கதவைச் சாத்தியதும் பட்டப்பகலிலேயே இருட்டாகிவிட்டது. என்னைப் படுக்க வைத்து, வீக்கத்தின் பின்பக்கம் டார்ச்சை அழுத்தி விளக்கைப் போட்டார்.

சிவப்பாக ஒளிர்ந்தது. கார்த்திகை விளக்கைக் கைக்குள் பொத்தினால் விரல் இடுக்கில் தெரியுமே, அந்தச் சிவப்பு. அதற்குள், பின்பக்கமாக ஒதுங்கி, ஒரு கறுப்பு நிழல். முழுசாக, முட்டை வடிவத்தில்.

"வெளிச்சம் பூந்து வர்ற எடமெல்லாம் தண்ணி. வராத எடம்தான் விரை. நல்லாப் பாத்துக்கங்க," என்றார் டாக்டர்.

மாமா குனிந்தார். அவர் மூச்சு என் தொடையில் பட்டது. கோழி முட்டையை வெயிலில் தூக்கிக் கருக் கூடியிருக்கிறதா என்று பார்ப்பார்களே, அதே பார்வை.

"அடேய் மாப்ள," என்றார். "உள்ள கீதுடா!"

"நான்தான் சொன்னேனே மாமா." நான் சொல்லியிருக்கவில்லை. எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"அப்ப எதைத்தாங்க அறுக்கறீங்க?"

"பையைத்தான். விதையில கை வச்சா உங்க பொண்ணு வந்து என்னைத் திட்டட்டும்."

டாக்டர் அன்று சொன்ன இன்னொன்றை இங்கே எழுதியாக வேண்டும். கருவில் இருக்கும்போது ஆண் குழந்தையின் விரை இடுப்புக்கு மேலே, சிறுநீரகத்தின் பக்கத்தில் உண்டாகிறதாம். பிறப்பதற்கு முன் அங்கிருந்து கீழே இறங்குகிறது. வித்து உண்டாக உடம்புச் சூடு ஆகாது, கொஞ்சம் குளிர்ச்சி வேண்டும், அதனால் வெளியே வந்து தொங்குகிறது. வரும்போது வயிற்றின் உள்ளுறையில் ஒரு மடிப்பையும் கூடவே இழுத்து வருகிறது. வந்த வழி பிறகு மூடிக்கொள்ளும். மடிப்பு மட்டும் பையாகத் தங்கிவிடும். எனக்கு நீர் கட்டியது அந்தப் பையில். விரை செய்கிற வித்து, விந்து நாளம் (வித்தை மேலே கொண்டுபோகும் குழாய்) வழியாக மறுபடி வயிற்றுக்குள்ளேயே ஏறிப் போய்த்தான் வெளியே வருகிறது. இறங்கி வந்த பாதையிலேயே திரும்பி ஏறுகிற வேலை. காலேஜில் தவளையை அறுத்த எனக்கு இதை எவனும் சொல்லித்தரவில்லை.

ஆபரேஷனைப் பற்றி அதிகம் இல்லை. முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே நான் இல்லாமல் போனேன். கத்தரிக்கோல் தட்டில் விழும் சத்தம் யாருக்கோ நடப்பது போலக் கேட்டது.

உங்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டியது அதற்குப் பிறகு வந்தது. கட்டுப் பிரித்தபோது வீக்கம் முன்னைவிடப் பெரிதாக, நீலம் பாரித்து இருந்தது. காய்ச்சல் வேறு. ஏமாந்தோம் என்றுதான் நினைத்தேன். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரத்தம் கட்டியிருக்கு. வத்தும். ஜல்தி பண்ணாதே," என்றார். லங்கோடு போலத் தூக்கிக் கட்டிவிட்டார்கள். மல்லாந்து கிடந்தேன். மாமா தினமும் வந்து எட்டி நின்று, "இன்னா, வத்துதா?" என்று வானிலை விசாரிப்பது போலக் கேட்டுவிட்டுப் போவார். அது ஒரே பேஜார். ஆனால் ஒருநாளும் வராமல் இருக்கவில்லை. வீக்கம் வற்ற ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

கல்யாணம் தையில் நடக்கவில்லை, வைகாசியில் நடந்தது. "செருப்பு இப்ப கடிக்கலையா?" என்று வேதவல்லி கேட்டது மணவறையிலேயே.

பிள்ளை பிறந்தது பிரம்மதேசத்தில். ஆண். செய்தி கேட்டு ஓடினேன். வாசலிலேயே அம்மா அழுதுகொண்டு நின்றாள்.

"அப்பன் சொத்து அப்படியே வந்திருக்குடா. வந்து பாரு."

குழந்தைக்கு இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. எனக்கு வந்தது கொசுவால் என்று தெரியும், சொத்தாக இறங்குவதில்லை என்றும் தெரியும். தெரிந்தும் குனிந்து குனிந்து பார்த்தேன். வேதவல்லி என் முகத்தையே பார்த்தபடி படுத்திருந்தாள். இருட்டில் நடக்க வாங்கி வைத்திருந்த டார்ச்சைத் துணிப்பையிலிருந்து எடுத்தேன். ஜன்னலில் கம்பளியை மாட்டினேன்.

"இப்படிக் குடு," என்று மாமா வாங்கிக்கொண்டார். "எனக்குப் பழக்கம் கீது."

சிவப்பாக ஒளிர்ந்தது. உள்ளே இரண்டு நிழல்கள், மல்லாட்டைப் பருப்பு அளவில்.

"ரெண்டும் கீது," என்றார் மாமா, சாட்சி சொல்கிறவர் போல.

மறுநாளே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விரை இறங்கி வந்த வழி இன்னும் முழுசாக மூடவில்லை, பச்சைக் குழந்தைகளுக்குச் சகஜம், பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானாகச் சரியாகிவிடும், குடல் இறங்கினாலோ வற்றாமல் நின்றாலோ மட்டும் கூட்டி வா என்றார். காத்திருந்தோம். ஆரம்பத்தில் தினமும் பார்த்தேன். பிறகு மறந்து மறந்து பார்த்தேன். பிறகு பார்க்கவே இல்லை.

இப்போது பையனுக்குப் பல் முளைக்கிறது. போன வாரம் குளிப்பாட்டிக்கொண்டிருந்த வேதவல்லி கூப்பிட்டாள். "இங்க பாருங்க. வீக்கத்தைக் காணோங்க."

எந்த நாளில் அந்த வழி மூடியது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அன்று ஏதோ சமைத்திருப்போம், ஏதோ சண்டை போட்டிருப்போம். எனக்கும் ஒரு நாள் அப்படி மூடியிருக்கிறது. நான் தொட்டிலில் தூங்கியிருப்பேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேப்பை புடைத்துக்கொண்டிருந்திருப்பாள்.